விரயம், மாசு, மூச்சு: நைஜர் டெல்டாவின் தீயை வாசித்தல்

2018இல் நைஜீரிய அரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு கூடவே மேலே வரும் வாயுவை வெட்டவெளியில் கொளுத்திவிடும் வழக்கத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'எரிக்கப்படும் வாயு: விரயமும் மாசும் தடுத்தல் விதிகள்' என்று வரும். அந்த இரண்டு சொற்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் விரயம், அப்புறம்தான் மாசு. விரயம் என்றால் யாருக்கு விரயம்? வாயுவின் சொந்தக்காரருக்கு. மாசு என்றால் யாருக்கு மாசு? அதை மூச்சாக இழுப்பவருக்கு. ஒரு சட்டத்தின் பெயரில் போய் இவ்வளவு படிக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். படிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். சட்டமும் ஒரு பிரதிதான். எந்தச் சொல்லை முன்னால் வைக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில் அதன் அரசியல் இருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு பென்சீனிலும் நுண்துகளிலும் என்ன வேலை என்றும் கேட்கலாம். (நண்பர் ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.) வேதியியலை வேதியியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிக்கொள்வதால்தான் 'அனுமதிக்கப்பட்ட அளவு', 'வழக்கமான எரிப்பு', 'நிரூபிக்கப்படவில்லை' ஆகிய சொற்கள் கேட்பாரில்லாமல் உலவுகின்றன. அறிவியலின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும் நிர்வாகச் சொற்கள் இவை. சொற்களைச் சந்தேகிப்பது நம் வேலைதானே.

விஷயம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். பூமிக்கு அடியில் எண்ணெய் தனியாக இருப்பதில்லை. அழுத்தத்தில் அதற்குள் வாயு கரைந்து கிடக்கிறது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, எண்ணெய் மேலே வரவர வாயு பிரிந்துவிடும். இதைக் குழாய் போட்டு எடுத்துப் போகலாம், மின்சாரம் தயாரிக்கலாம், திரும்பவும் பூமிக்குள்ளேயே செலுத்தலாம். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கொளுத்திவிட்டால் செலவு குறைவு. எரிக்காமல் அப்படியே திறந்துவிட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு, மீத்தேன் நேராக வானத்துக்குப் போகும் என்பதால் அவசரத்துக்குக் கொளுத்துவதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று ஒப்புக்கொள்ளலாம். ஐம்பது அறுபது வருஷம் நீடிக்கும் அவசரம் என்ன அவசரம் என்பதுதான் கேள்வி.

ஏட்டில் எரிதல் சுத்தமானது. மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும். பள்ளிக்கூடத்தில் எழுதிய சமன்பாடு. ஆனால் கிணற்று வாயுவில் மீத்தேன் மட்டும் இல்லை. காற்றடித்தால் தீ சாய்கிறது. வாயுவின் வரத்து ஏறி இறங்குகிறது. சில சமயம் தீ அணைந்தே போய், வாயு மட்டும் பீறிட்டுக்கொண்டிருக்கும். எரியாத மிச்சத்தில் பென்சீன், டொலுவீன். அரைகுறையாக எரிந்ததில் கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, கரித்தூள். தீயின் சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜனே ஆக்சைடாக மாறி, ஆவியான ஹைட்ரோகார்பன்களோடு வெயிலில் கூடித் தரைமட்ட ஓசோன் ஆகிறது. உயரத்தில் குடையாக இருக்கிற அதே ஓசோன் கீழே மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிறது. கரித்தூளின் நுண்துகள் தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை அது போய்விடும், ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும். ஆகவே ஆஸ்துமாவோடு நிற்பதில்லை, மாரடைப்பும் பக்கவாதமும் இந்தக் கணக்கில் வருகின்றன. பென்சீனின் பாதை வேறு. இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையை அது தாக்குகிறது. இரத்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தப்பட்ட பொருள். காற்றில் இதற்குப் 'பாதுகாப்பான அளவு' என்று உலக சுகாதார நிறுவனம் எதையும் சொல்வதில்லை. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரப்பட்டியல் ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று ஆண்டுச் சராசரி வரம்பு போட்டிருக்கிறது. 'பாதுகாப்பான அளவே இல்லை' என்பதற்கும் '5 வரை இருக்கலாம்' என்பதற்கும் நடுவில் உட்கார்ந்து முடிவெடுப்பது வேதியியல் இல்லை.

நைஜீரிய எண்ணெயில் கந்தகம் குறைவு. எண்ணெய் வியாபாரத்தில் இந்த வகைக்கு 'இனிப்பு' என்று பெயர், கந்தகம் மிகுந்தால் 'புளிப்பு'. இனிப்புக்குச் சந்தையில் நல்ல விலை. அந்த இனிப்பைத் தோண்டும் கிராமங்களில், தீ வந்த பிறகு தகரக் கூரை சீக்கிரம் துருப்பிடிக்கிறது, மழைத் தண்ணீரில் கறுப்புப் படிகிறது என்று சொல்கிறார்கள். கந்தகம் குறைந்த வாயுவிலிருந்து இவ்வளவு அமில மழை வருமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. இயக்கத் தோழர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊரின் எல்லாக் கேட்டையும் ஒரே தீயின் தலையில் கட்டினால், ஒன்று பொய்த்துப்போகும்போது மிச்சத்தையும் சேர்த்துத் தள்ளிவிட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

டெல்டாவில் ஒலோயிபிரி என்ற ஊரில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. 1958இல் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் 1960இல். கொடியைவிட எண்ணெய் மூத்தது. எரிப்பை நிறுத்தச் சொல்லும் சட்டம் 1979இல் வந்தது. 1984 ஜனவரி 1க்குப் பிறகு அமைச்சரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் வாயுவைக் கொளுத்தக் கூடாது என்றது. அந்த 'அனுமதி இல்லாமல்' என்ற சந்துக்குள்தான் தொழில் முழுவதும் குடியேறியது. 1985இல் ஆயிரம் கன அடிக்கு 2 கோபோ என்று கட்டணம் விதித்தார்கள் (கோபோ என்பது அவர்களுடைய பைசா). 1998இல் அது 10 நைராவாக ஆனது. 2018இன் விதிகள் பெரிய உற்பத்தியாளர்களுக்கு 2 டாலர் என்றன. தொகை ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்திருப்பதைப் பாருங்கள்: தடை கட்டணமாகி, குற்றம் மாதச் சந்தாவாகிவிட்டது.

உலக அளவிலும் பேச்சு இதே தடத்தில்தான் ஓடுகிறது. 2030க்குள் வழக்கமான எரிப்பே இல்லாமல் ஆக்குவோம் என்று 2015இல் உலக வங்கியும் ஐ.நா.வும் ஒரு முயற்சியைத் தொடங்கின. 2024இல் உலகம் முழுக்க எரிந்தது 15,100 கோடி கனமீட்டர் என்று அதே வங்கி கணக்குச் சொல்கிறது. 2007க்குப் பிறகு இதுதான் அதிகம். அதில் முக்கால்வாசி ஒன்பது நாடுகளில், நைஜீரியா அதில் ஒன்று. இந்தக் கணக்கு எப்படிக் கிடைக்கிறது? 800 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் இரவில் தீயின் வெப்பத்தைப் பார்த்து, அதை வாயுவின் கன அளவாக மாற்றுகிறார்கள். அற்புதமான தொழில்நுட்பம்தான். இவ்வளவு வாயு போயிற்று, இவ்வளவு பணம் போயிற்று, பருவநிலைக்கு இவ்வளவு சுமை ஏறிற்று என்று அது சொல்லிவிடும். தீயிலிருந்து 800 மீட்டரில் குடியிருப்பவர் என்ன சுவாசித்தார் என்று சொல்ல அதனால் முடியாது. அதற்குக் கருவி தரையில் இருக்க வேண்டும்.

உகெல்லி வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்து, பிழிந்து, தட்டில் பரப்பி எரிவாயுத் தீயின் பக்கத்தில் காயவைக்கிறார்கள் பெண்கள். வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், விறகுச் செலவில்லை. இந்தக் காட்சியின் புகைப்படங்கள் உலகம் முழுக்கச் சுற்றியிருக்கின்றன. ஆரஞ்சு நிறத் தீ, கறுத்த உடல், அகலத் தட்டு. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். அந்த நிறைவுதான் எனக்கு உறுத்துகிறது. படத்தில் தீ தெரிகிறது, வெக்கைகூட உறைக்கிறது, வாயு தெரியாது. தெரிவதற்கு மட்டும் பழகிய கண்ணுக்கு இந்தப் பிரச்சினையின் பாதி பிடிபடாது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்களைத் 'தீயால் பாதிக்கப்பட்டவர்கள்' என்ற ஒற்றைப் பெயரில் அடைக்க முடியாது. தீயை அணைத்தால் அவர்களுக்கு ஒரு அடுப்பு போகும். மின்சாரம் ஒழுங்காக வராத ஊரில், இரவும் பகலும் எரியும் வெளிச்சத்தின் கீழே, அந்த அடுப்பு ஒன்றுதான் எண்ணெய்த் தொழில் அவர்களுக்குத் தந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது.

நிரூபணத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

'இந்தத் தீயால்தான் இந்த நோய் வந்தது என்று நிரூபி' என்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் தோன்றும். காற்றுக்கு அடையாள அட்டை கிடையாது. ஒகோனிப் பகுதியில் 1993இலேயே ஷெல் நிறுவனம் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவிட்டது, கிணறுகளோடு தீயும் அணைந்தது. 18 வருஷம் கழித்து, 2011இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், எடுத்த எல்லாக் காற்று மாதிரிகளிலும் பென்சீன் இருந்தது என்கிறது. 0.155இலிருந்து 48.2 மைக்ரோகிராம் வரை. அவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு, பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற புற்றுநோய் அபாய அளவையும் தாண்டியவை. அதே அறிக்கை, இவற்றில் பல அளவுகள் உலகின் வேறு இடங்களிலும் காணப்படுபவைதான், எரிபொருள் புழங்கும் இடமெல்லாம் பென்சீன் இருக்கும் என்றும் சொல்கிறது. இரண்டும் உண்மை. கசிந்து ஊறிய பழைய எண்ணெய், திருட்டுத்தனமாகக் காய்ச்சும் எண்ணெய், மோட்டார், ஜெனரேட்டர் என்று பல வாய்கள். 2016 கடைசியிலிருந்து ஹார்கோர்ட் துறைமுக நகரத்தில் கறுப்புக் கரித்தூள் மழையாகக் கொட்டியபோது, கள்ளத்தனமான சுத்திகரிப்புக் கொட்டகைகள் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. அவற்றைப் பிடித்து ஒழிக்கிறேன் என்று படையினர் அங்கேயே கொளுத்தியதும் அதே வானத்துக்குத்தான் போயிற்று. ஒரு மூலக்கூற்றைக் காட்டி 'இது கம்பெனியுடையது' என்று யாராலும் சொல்ல முடியாது. மாசுபடுத்துபவர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவரும் குற்றமற்றவர் ஆகிக்கொண்டே போகிறார்கள்.

சராசரி என்ற உத்தியையும் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு ஊரில் ஒரு மணி நேரம் நுண்துகள் 500 மைக்ரோகிராம், மிச்சம் 23 மணி நேரமும் 20 என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரச் சராசரி 40. இந்திய வரம்பு 60. ஆகவே அறிக்கையில் அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது! அந்த ஒரு மணி நேரத்தில் இழுப்பு வந்து சுருண்ட குழந்தை அந்த 40க்குள் எங்கே இருக்கிறது? சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் சராசரியில் மூச்சு விடுவதில்லை.

கணக்குப்போடும் முறையிலேயே உள்ள இன்னொரு ஊகம் அண்மையில் உடைந்தது. சரியாக எரியும் தீ 98 சதவீதம் மீத்தேனை அழித்துவிடும் என்றுதான் தொழிலும் அரசுகளும் கணக்கெழுதி வந்தன. அமெரிக்காவின் மூன்று பெரிய எண்ணெய் வயல்களுக்கு மேலே விமானத்தில் பறந்து அளந்தவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அணைந்து கிடப்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது சுமார் 91 சதவீதம்தான் என்றது. 98க்கும் 91க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். திருப்பிப் போடுங்கள்: எரியாமல் தப்புவது 2 இல்லை, 9. நாலு மடங்குக்கும் மேல். பணம் இருக்கிற நாட்டிலேயே இந்த லட்சணம்.

அப்படியானால் நிரூபிக்கவே முடியாதா? முடியும், வேறு விதமாக. டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு வயலில் 2012 முதல் 2015 வரை நடந்த 23,000க்கு மேற்பட்ட பிறப்புகளை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன அதே மாதிரிச் செயற்கைக்கோள் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இரவுத் தீ அதிகம் எரிந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் நேரும் சாத்தியம், தீ இல்லாத இடத்தவரைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 2020இல் எழுதினார்கள். எந்த ஒரு குழந்தையைப் பற்றியும் இது ஒன்றும் சொல்லாது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். கவனிக்க வேண்டியது: வாயுவின் விரயத்தை எண்ணிய அதே கண், பிறப்புப் பதிவேடு பக்கத்தில் இருந்ததால் கருப்பையையும் எண்ணியது. பதிவேடு அரைகுறையாக இருக்கும் நைஜீரியாவில் வேறு வழி தேடினார்கள். இது தீ பற்றியது இல்லை, எண்ணெய்க் கசிவு பற்றியது. ஆனாலும் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கியது என்று கேட்டு எழுதிய கணக்கெடுப்பை எடுத்து, ஒரே தாயின் பிள்ளைகளில் கசிவுக்கு முன் கருவானவர்களையும் பின் கருவானவர்களையும் ஒப்பிட்டது 2019இல் வந்த ஆய்வு. 10 கிலோமீட்டருக்குள் கசிவு நடந்த பிறகு கருவான குழந்தைகளில், பிறந்த முதல் மாதத்துக்குள் இறப்பது ஆயிரத்துக்கு சுமார் 38 கூடியிருந்தது. வாய்மொழி என்றும் நினைவு என்றும் எந்தச் சாட்சியத்தைக் கோர்ட்டில் தள்ளிவிடுவார்களோ, அதைச் சேர்த்துக் கோத்தபோது அதுவே புள்ளிவிவரமாக எழுந்து நின்றது.

இன்னொரு வழி, கேள்வியையே மாற்றிவிடுவது. இவெரெகான் என்ற கிராமத்தின் சார்பில் ஒருவர் ஷெல்லின் நைஜீரியக் கம்பெனிமீதும் அரசு எண்ணெய் நிறுவனத்தின்மீதும் வழக்குப் போட்டார். எனக்கு இன்ன நோய், இன்ன நஷ்டஈடு என்று கேட்கவில்லை. இந்தத் தீ என் உயிர்வாழும் உரிமையையும் மானத்தையும் மீறுகிறது என்றார். 2005 நவம்பர் 14இல் பெனின் நகர நீதிமன்றம் ஆமாம் என்றது. எரிப்புக்கு அனுமதி தரும் சட்டப் பிரிவுகளே அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது, நிறுத்தச் சொன்னது. தீ நிற்கவில்லை. நீதிபதி வடக்கே மாற்றப்பட்டார். ஈக்வடாரின் அமேசான் பகுதியில் ஒன்பது சிறுமிகள் இதே வழியில் போய் 2021இல் வென்றார்கள். அங்கும் தீர்ப்பு தீயைவிட வேகமாக அணைந்தது. தோற்ற வழி என்று இதைச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நிரூபணத்தின் சுமையைச் சுவாசிப்பவர் தலையிலிருந்து இறக்கி எரிப்பவர் வாசலில் வைக்கலாம் என்று ஒரு நீதிமன்றம் ஒருமுறை எழுதிவிட்டால், அந்த வாக்கியத்தை அழிப்பது சுலபமில்லை.

கென் சாரோ-விவாவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. நம் பத்திரிகைகளில் அவர் 1995 நவம்பர் 10இல் தூக்கில் ஏற்றப்பட்ட தியாகியாக மட்டுமே வந்து போகிறார். 1985இல் 'சோசாபாய்' என்ற நாவலை 'அழுகிய ஆங்கிலம்' என்று அவரே பெயரிட்ட ஒரு மொழியில் எழுதியவர் அவர். பேச்சும் பிட்ஜினும் ஏட்டு ஆங்கிலமும் கலந்து, எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாத மொழி. வட்டார வழக்கு இலக்கியமா என்று இங்கே நாம் அடித்துக்கொண்ட சண்டையெல்லாம் அந்த நாவலுக்குப் புரியும். அப்பேர்ப்பட்டவர், 1992இல் ஐ.நா.வின் பழங்குடியினர் குழுவின் முன்னால் ஜெனீவாவில் பேசும்போது சுத்தமான உரிமை ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. அதே வருஷம் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே 'இனப்படுகொலை' என்றார். மிகை என்றவர்கள் உண்டு. சுவாசம் மெல்ல நச்சாவதைச் சொல்ல உலகத்தின் காதில் விழும்படி வேறு எந்தச் சொல் இருந்தது? மெதுவாக நடக்கும் கொலைக்குச் செய்தித்தாளில் இடமில்லை, நாவலிலும் பெரும்பாலும் இல்லை. எண்ணெயோடு மனிதன் நடத்திய இந்தப் பெரும் சந்திப்பு ஏன் இலக்கியமாகவில்லை என்று அமிதவ் கோஷ் 1992இல் ஒரு கட்டுரையில் கேட்டார். தமிழில் எழுதுகிறவர்கள் அந்தக் கேள்வியை இங்கே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் நமக்கும் ஒரு டெல்டா இருக்கிறது. திருவாரூர்ப் பக்கம் இரவு பஸ்ஸில் போகிறவர்கள் வயலுக்கு நடுவே தீ எரிவதைப் பார்த்திருப்பார்கள். "கேஸ் எரியுது" என்பார் ஒருவர். "சும்மா வீணா போவுது பாருங்க" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். அதே வரிசை! நைஜர் டெல்டாவும் காவிரிப் படுகையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அளவில் மடுவும் மலையும். ஆனால் 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் எழுந்தபோது நம் பேச்சில் நிலம் வந்தது, நிலத்தடி நீர் வந்தது, நெல் வந்தது. காற்று ஓரமாகத்தான் நின்றது. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றைத் தொடவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், 2020 ஜனவரியில், எண்ணெய்-எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று மத்திய அரசு வகை மாற்றிவிட்டது. கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பாதி நாடகம் என்பது தெரியும். ஆனாலும் 'எனக்கு மூச்சு முட்டுகிறது' என்ற வாக்கியம் அரசுக் கோப்பில் ஏறுவதற்கு இருந்த ஒரே மேடை அது.

2025இல் மூன்று விஷயங்கள் நடந்தன. மார்ச்சில் ஷெல் தன் நைஜீரியத் தரைவயல் கம்பெனியை விற்றுவிட்டு வெளியேறியது. ஜூன் 12இல் சாரோ-விவாவுக்கும் அவரோடு தூக்கிலிடப்பட்ட எட்டுப் பேருக்கும் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். குற்றம் செய்தவருக்குத்தானே மன்னிப்பு, எங்களுக்கு வேண்டியது நிரபராதி என்ற அறிவிப்பு என்றார்கள் ஒகோனித் தரப்பில். இதற்கெல்லாம் முன்னால், ஜனவரியிலேயே, ஒகோனித் தலைவர்களைத் தலைநகருக்கு வரவழைத்து, மூடிக்கிடக்கும் கிணறுகளைத் திறப்பது பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது. கட்டணம் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று பேசத் தெரிந்தவர்கள் எல்லாத் தரப்பிலும் இருப்பார்கள். தீ இல்லாமல் முப்பது வருஷம் இருந்த ஊர் அது. ஒரு கிணறு திறப்பதற்கு முன்னால், ஊர்க்காரர்கள் கையிலேயே கருவியைக் கொடுத்து, மணிக்கு மணி இன்றைய காற்றை அளந்து எழுதி, பக்கத்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் திறந்து வைத்தால், பிற்பாடு 'முன்பு எப்படி இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்' என்று எந்த வக்கீலும் கேட்க முடியாது.